வெற்றிகரமாக அழைக்கப்பட்டீர்கள்

அதைத்தான் நானும் சொல்கிறேன், நீங்கள்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள். நெருப்பு, சக்கரம், இந்த இரண்டுக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்ட மகத்தான முன்னேற்றம் எங்கள் கண் மருத்துவமனையின் 'கூப்பிடும் பட்டன்'. மின்சாரத்தை வேண்டுமென்றேதான் விட்டேன். மின்சாரம் அவ்வப்போது தோற்றுப்போகும். எங்கள் பட்டன் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் திரையில் பச்சை எழுத்தில் 'அழைப்பு வெற்றி' என்று வரும். யார் காதிலும் விழாது. அது வேறு விஷயம்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்களா? போனதும் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். கண்ணின் கருப்பாப்பா விரியும். வெளிச்சம் கூசும். எதிரே இருப்பது மனிதனா மரமா என்று தெரியாது. "கண்ணை மூடிட்டு உக்காருங்க, கூப்பிடுவோம்" என்பார்கள். மருந்தின் வேகம் இருக்கும்போதே டாக்டர் பார்த்துவிட வேண்டும். தாமதமானால் மறுபடி சொட்டு, மறுபடி எரிச்சல், மறுபடி காத்திருப்பு. ஆகவே எங்கள் கூடத்தில் எந்த நேரமும் நாற்பது ஐம்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருபவர் ஏதோ தியான வகுப்பு என்று நினைத்து செருப்பைக் கழற்றிவிடுவார். நம்பர் காட்டும் பலகையெல்லாம் அங்கே சுவருக்கு அழகு, அவ்வளவுதான். காதில் விழுந்தால்தான் ஆள் எழுந்திருப்பார்.

கூப்பிடும் மேசையில் இருப்பவர் என் அண்ணி. சொந்த அண்ணனின் மனைவி. நான் அதே ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம். நாளெல்லாம் கத்திக் கத்தி அண்ணியின் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் பேச்சே வராது, சைகைதான். அண்ணன் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை என்றாலும் எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, அண்ணியின் மெஷினில் போட்டேன். பட்டன், படம், எதுவும் கிடையாது. ஒரு கறுப்புத் திரை. அதில் 'கூப்பிடு 17 3' என்று தட்டி என்டர் அடித்தால், "டோக்கன் பதினேழு, அறை மூன்றுக்கு வரவும்" என்று ஒரு பெண்குரல் பேசும். கூடத்து ஸ்பீக்கர்களின் வயர் அண்ணியின் மெஷினில்தான் செருகியிருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

"இந்தப் பொண்ணு என்னைவிட மரியாதையாப் பேசுறா தம்பி," என்றார் அண்ணி. "ஒரு தடவைகூட 'ஏங்க, காது கேக்கலையா'ன்னு சொல்லவே மாட்டேங்குறா."

இந்த இருண்ட காலம் சில மாதங்கள் நீடித்தது. நோயாளிகள் கூப்பிட்டதும் வந்தார்கள், டாக்டர் பார்த்தார், வீட்டுக்குப் போனார்கள். வளர்ச்சி என்று ஒன்றும் இல்லை.

அப்போதுதான் எங்கள் கணினிப் பிரிவுத் தலைவர் அந்தப் பக்கம் வந்தார். அவரை நாங்கள் 'மேகம் சார்' என்போம். எதைப் பார்த்தாலும் "இது ஏன் இன்னும் மேகத்துக்குப் போகல?" என்று கேட்பார். மேகம் என்றால் 'கிளவுட்', புரோகிராம் எங்கோ தூரத்து சர்வரில் ஓடுவது. கேன்டீனில் உப்பு தீர்ந்துபோன அன்றும் அதைத்தான் கேட்டார்.

"என்னம்மா இது, கறுப்பா?"

"கூப்பிடுற புரோகிராம் சார். தம்பி எழுதிக் குடுத்தது."

"எங்க ஓடுது?"

"இங்கதான் சார். என் மெஷின்ல."

"உங்க மெஷின்லயா!" ஆபரேஷன் தியேட்டரில் துணி காயப்போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டவர் போல ஓரடி பின்வாங்கினார். "பயனாளர் மெஷின்ல புரோகிராம் ஓடுதா? இந்தக் காலத்துலயா? வெளிய சொல்லிடாதீங்க."

அவர் கொள்கையில் நியாயம் இல்லாமல் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். புரோகிராமை சர்வரில் வைத்துவிட்டால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். பத்து மேசைக்கும் பத்து தடவை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். யார் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் பிரவுசரைத் திறந்தால் பட்டன் இருக்கும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மேசை. ஆனால் தொலைநோக்கு என்பது இருக்கும் ஒன்றைப் பார்ப்பதில்லை, இல்லாத ஒன்பதைப் பார்ப்பது.

செயல்விளக்கக் கூட்டம் நடந்தது. நிர்வாகி மேடம், டாக்டரம்மா, கணக்குப் பிரிவு, எல்லோரும் ஆஜர். மேகம் சார் தன் லேப்டாப்பைத் திறந்தார். பிரவுசரில் 'அழைப்புப் போர்ட்டல்' என்று ஒரு பக்கம், நடுவில் பெரிய நீலப் பட்டன். அழுத்தினார். 'அழைப்பு வெற்றி'. அதே நொடியில் லேப்டாப் பேசியது: "டோக்கன் ஒன்று, அறை மூன்றுக்கு வரவும்." கைதட்டல் கூரையைப் பிளந்தது. டாக்டரம்மா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் கையைத் தூக்கினேன். சின்ன வயசு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"சார், இப்போ சர்வரும் உங்க லேப்டாப்லயே ஓடுது. பிரவுசரும் அதே லேப்டாப். அதனாலதான் சத்தம் இங்க வருது."

"வருதுல்ல?"

"வருது சார். ஆனா நாளைக்கு சர்வர் வேற ரூம்ல இருக்கும், அண்ணி வேற இடத்துல..."

"தம்பி, வர்றதை ஏன் வருதுன்னு கேக்குறது ஒரு மனோபாவம். அதை முதல்ல சரி பண்ணு."

கூட்டம் சிரித்தது. நான் என் மனோபாவத்தைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

திறப்பு விழா திங்கட்கிழமை. பழைய புரோகிராமை அழித்தாகிவிட்டது. அண்ணியின் மெஷினில் பிரவுசரைத் தவிர வேறு எதுவும் ஓடக்கூடாது என்று பூட்டும் போட்டாகிவிட்டது. சாவி மேகம் சாரிடம். கூடத்தில் கண்மூடிய கூட்டம். முதல் வரிசையில் முதல் டோக்கன்காரர், ஒரு தையல்காரர். ஊசியில் நூல் கோக்கும் கண் அவருக்கு, அதனால் கொஞ்சம் பதற்றமாகவே வந்திருந்தார்.

அண்ணி நீலப் பட்டனை அழுத்தினார்.

'அழைப்பு வெற்றி'.

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

மறுபடி அழுத்தினார். 'அழைப்பு வெற்றி'. மறுபடி. 'அழைப்பு வெற்றி'. ஒருவரும் அசையவில்லை.

"ஏம்மா," என்றார் தையல்காரர், கண்ணைத் திறக்காமலே. "எங்களைக் கண்ணைத்தானே மூடச் சொன்னீங்க. நீங்க எதுக்கு வாயை மூடிட்டீங்க?"

நான் ஓடினேன். முற்றத்தைத் தாண்டி அடுத்த கட்டடம், மாடி, நடையின் கோடியில் பூட்டிய அறை. கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் அறைந்தது. உள்ளே சர்வர், கம்பீரமாக, தெளிவாக, சொல்பிசகாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "டோக்கன் ஒன்று, அறை மூன்றுக்கு வரவும். டோக்கன் ஒன்று, அறை மூன்றுக்கு வரவும்." உடைந்த பிரிண்டர் ஒன்று மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு டோக்கன் கிடையாது.

திரும்பி வந்து மேகம் சாரிடம் சொன்னேன். "சார், பட்டனை அமுக்குறது இங்க. புரோகிராம் ஓடுறது அங்க. அதனால சத்தமும் அங்கதான் வருது."

"சத்தம் வருதுன்னு நீயே சொல்ற."

"வருது சார், ஆனா சர்வர் ரூம்ல."

"அப்போ சிஸ்டம் வேலை செய்யுது. நோயாளிங்கதான் தப்பான ரூம்ல இருக்காங்க."

"ஹால் ஸ்பீக்கர் வயரையாவது சர்வர் வரைக்கும் இழுத்துடலாமே சார்?"

"வயரா?" அவர் முகத்தில் உண்மையான வலி தெரிந்தது. "மேகத்துக்கு வயர் இழுப்பியா நீ?"

இதற்குள் அண்ணி நாற்காலியில் ஏறி நின்று வாயாலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கூட்டம் நகர்ந்தது, மருந்து வேகம் தீர்ந்து மறுபடி சொட்டுக்குப் போயிருந்த தையல்காரரைத் தவிர. மேகம் சார் பதறிப்போய்த் தடுத்தார். வாயால் கூப்பிட்டால் அது போர்ட்டலின் கணக்கில் வராது. கணக்கில் வராத அழைப்பால் கண் பார்க்கப்பட்டவர்களை எந்தத் தலைப்பில் சேர்ப்பது? மாலைக்குள் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'கூடத்தில் மனிதக் குரலால் அழைப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது.' அதைச் சொட்டு மருந்து விட்டவர்கள் யாரும் படிக்கவில்லை.

போர்ட்டல் தானாகவே அறிக்கை தயாரித்தது. அதுதான் அதன் பெருமை. அழைப்புகள்: அனைத்தும் வெற்றி. வந்த நோயாளிகள்: கிட்டத்தட்ட யாரும் இல்லை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் ஒரு குற்றவாளி இருந்தே ஆக வேண்டும். சர்வர் குற்றவாளி இல்லை, பச்சை எழுத்தே சாட்சி. மிச்சம் இருந்தது அண்ணி.

செவ்வாய்க்கிழமை நிர்வாகி மேடம் அண்ணியைக் கூப்பிட்டார். அவர் வாயாலேயே கூப்பிட்டார், அவர் அறைக்குத் தடை கிடையாது. "உங்களுக்கு நோயாளிகளை வரவழைக்கும் திறன் குறைவா இருக்கும்மா. வெள்ளிக்கிழமை மறுபார்வைக் கூட்டம். அதுக்குள்ள சரியாகலைன்னா உங்களை நம்ம கிளை ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டோம். அங்க கூட்டம் கம்மி."

கிளை ஆஸ்பத்திரி ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் போகும் தூரம்.

அன்றைக்கு வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சட்டையையும் அது ஏதோ தப்பு செய்ததைப் போல மடித்தார்.

"உங்க பச்சை எழுத்துக்கு நான் பொட்டி கட்டணுமா தம்பி?"

"என் பச்சை எழுத்து இல்ல அண்ணி. என்னுது கறுப்பு."

"வெட்டிப் பேச்சு பேசாத. உங்க அண்ணன் பட்டறையை விட்டுட்டு வர முடியுமா? பொண்ணு மூணாவது படிக்கிறா. இவளை இங்க விட்டுட்டு நான் அங்க போய் யாரை வரவழைக்கிறது?"

அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். லேத்தைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. அவர் ஒரு துண்டை எடுத்து மடித்தார். அண்ணி அதைப் பிடுங்கிப் பிரித்து மறுபடி மடித்தார். அண்ணன் மகள் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: "சித்தப்பா, அம்மாவை மேகத்துக்கு அனுப்புறாங்களா?"

மறுநாள் மேகம் சாருக்கு ஞானோதயம் ஆனது. சத்தத்தை நோயாளியிடம் கொண்டுவர முடியாது என்றால் நோயாளியைச் சத்தத்திடம் கொண்டுபோக வேண்டியதுதானே? சர்வர் அறையில் நாற்காலிகள் போடப்பட்டன. சொட்டு விட்டவர்களை வரிசையாக நிற்கவைத்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ரயில் விளையாட்டு மாதிரி முற்றத்தின் வழியாக நடத்திப் போனோம். வெளியே உச்சி வெயில். பாப்பா விரிந்த கண்ணில் உச்சி வெயில் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு விளக்க முடியாது, தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

"யோவ், முன்னாடி யாருய்யா எஞ்சின்?" என்று கத்தினார் நடுவிலிருந்த தையல்காரர். அவர் மூன்றாவது நாளாக வந்திருந்தார். "கண்ணைக் கட்டிக் காட்டுல விடுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க டோக்கன் குடுத்து விடுறீங்களே!"

சர்வர் அறையில் உட்கார்ந்ததும் அழைப்பு தெளிவாகக் கேட்டது. "டோக்கன் ஐந்து, அறை மூன்றுக்கு வரவும்." டோக்கன் ஐந்து எழுந்தார். அறை மூன்று முற்றத்துக்கு அந்தப் பக்கம். அவர் தனியாகக் கிளம்பி, படி இறங்கி, ஆம்புலன்ஸ் கொட்டகைக்குள் போய் அங்கிருந்த டிரைவரிடம் கண்ணை விரித்துக் காட்டினார். டிரைவர் நல்ல மனிதர். "சிவப்பா இருக்குங்க," என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மதியத்துக்குள் வேறொன்று நடந்தது. ஒரு சர்வருக்கென்று போட்ட ஏசி, அதனுடன் நாற்பது பேரின் மூச்சைச் சமாளிக்கவில்லை. அறை சூடானது. சர்வர் சூடானது. "டோக்கன் பதினொ..." என்று சொல்லி அணைந்துபோனது. அண்ணியின் மெஷினில் போர்ட்டல் பக்கமே திறக்கவில்லை. திறக்காத பக்கத்தில் தோல்வியும் பதிவாகாது அல்லவா? ஆகவே அன்றைய அறிக்கையிலும் சாதனை தொடர்ந்தது.

வெள்ளிக்கிழமை மறுபார்வைக் கூட்டம் கூடத்திலேயே நடந்தது. டாக்டரம்மா கையில் டார்ச்சோடு வெளியே வந்து நின்றுவிட்டார். "எனக்கு மேகம், வானம் எதுவும் தெரியாது. எனக்கு உள்ள ஆள் வரணும். அஞ்சு நாளா நான் சுவத்தைப் பரிசோதிச்சிட்டு இருக்கேன். சுவத்துக்குப் பார்வை நல்லா இருக்கு."

"சிஸ்டத்துல ஒரு குறையும் இல்ல டாக்டர்," என்றார் மேகம் சார். "நிரூபிக்கிறேன்."

அவர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அண்ணியின் மேசையில் வைத்தார். அதில் செயல்விளக்கத்துக்குப் போட்டது எல்லாம், சர்வர் உட்பட, அப்படியே இருந்தது. பட்டனை அழுத்தினார். லேப்டாப் பேசியது. சத்தம் கொஞ்சம் சன்னம்தான், ஆனால் முதல் வரிசைக்குப் போதும்.

"டோக்கன் ஒன்று, அறை மூன்றுக்கு வரவும்."

"வந்துட்டேன்!" தையல்காரர் துள்ளி எழுந்தார். நாற்காலி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கூடத்தில் ஒரு சலசலப்பு. மேகம் சார் இரண்டு கைகளையும் விரித்தார்.

"பாத்தீங்களா மேடம்? அதே சிஸ்டம். அதே பட்டன். நான் அமுக்கினா வர்றாங்க. குறை சிஸ்டத்துல இல்ல, உட்கார்ற ஆள்ல இருக்கு. மாற்றல் உத்தரவை இன்னைக்கே குடுத்துடலாம்."

மேடம் பேனாவை எடுத்தார்.   ஐந்து நாளாக நான் சொன்ன விளக்கத்தை மறுபடி சொல்வதா?

அண்ணி எந்த விளக்கமும் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார்.

"சார் சொல்றது சரிதான் மேடம். நான் கூப்பிட்டா வர மாட்டேங்குறாங்க, சார் கூப்பிட்டா வர்றாங்க. அப்போ சாரே உட்காரட்டும். வாங்க சார்."

கண்மூடியிருந்தவர்கள்கூடக் கண்ணைத் திறந்தார்கள்.

"நல்ல யோசனை," என்றார் டாக்டரம்மா, உள்ளே போய்க்கொண்டே. "ரெண்டாவது டோக்கனைக் கூப்பிடுங்க சார்."

"இல்ல டாக்டர், நான் வந்து... லேப்டாப்பை வேணா இவங்ககிட்ட..." என்று ஆரம்பித்த மேகம் சார் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். பிரிவுத் தலைவரின் லேப்டாப்பை வேறு எவரும் தொட்டால் வேலைநீக்கம் என்று விதி எழுதியவர் அவரேதான். மேடத்துக்கும் அது நினைவிருந்தது. அவர் பேனாவை மூடினார். "மறு உத்தரவு வரைக்கும் நீங்களே பாருங்க சார்."

அவர் உட்கார்ந்தார். நான் கூடத்து ஸ்பீக்கர் வயரை அண்ணியின் மெஷினிலிருந்து பிடுங்கி நீட்டினேன், அவரே லேப்டாப்பில் செருகினார். 'வயரா?' என்று அவர் கேட்கவில்லை. கூடம் முழுக்கக் குரல் ஒலித்தது. நோயாளிகள் வந்தார்கள், போனார்கள். அண்ணி பக்கத்தில் நின்று யார் அடுத்து என்று சொன்னார். ஒருவர் செய்த வேலையை இப்போது இருவர் செய்தார்கள், என்னைச் சேர்த்தால் மூவர். வளர்ச்சி என்றால் இதுதான்.

ஆனால் கூப்பிடும் மேசை கூப்பிடுவதற்கு மட்டுமானது இல்லை என்பது மேகம் சாருக்குத் தெரியாது. "தம்பி, டாய்லெட் எந்தப் பக்கம்?" "சார், சொட்டு எரியுது, கொஞ்சம் ஊதுங்க." "யாரு அது? குரல் தெரிஞ்ச மாதிரி இருக்கே, எங்க மருமகனா?" திங்கட்கிழமை ஒரு பெரியம்மா அவர் மடியில் பையை வைத்துவிட்டு, "பாத்துக்கப்பா" என்று உள்ளே போய்விட்டார். புதன்கிழமை மதியம் மேகம் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இந்த புரோகிராமை என் லேப்டாப்ல இல்லாம வேற மெஷின்ல போட முடியாதா?"

"தாராளமா சார். அண்ணி மெஷின்லயே போடலாம். பூட்டை மட்டும் திறந்துவிடுங்க."

"அது... பின்னாடி போறதாகாது?"

"பேரை மாத்திட்டா ஆகாது சார்."

மாற்றினோம். 'பயனாளர் அண்மை அழைப்பு நுட்பம்'. அண்ணியின் மெஷினில் ஒரு கறுப்புத் திரை. 'கூப்பிடு', டோக்கன், அறை, என்டர். வயர் பழைய இடத்துக்கே போனது. திரையை மட்டும் கருநீலமாக்கச் சொன்னார், ஆக்கினேன். அண்ணி பழையபடி உட்கார்ந்தார். அடுத்த மாதமே அந்தக் கண்டுபிடிப்புக்காக மேகம் சாருக்கு மேடம் கையால் விருது. 'நோயாளியின் அருகிலேயே கணினித் திறன்' என்று அவர் பேசிய பேச்சில் நானே உருகிப்போனேன். தையல்காரர் புதுக் கண்ணாடியோடு வந்து, மேடையை நன்றாகப் பார்த்துவிட்டு, "யாருங்க இவரு?" என்று கேட்டார்.

அண்ணியின் மாற்றல் என்னவாயிற்று என்கிறீர்களா? நின்றுவிட்டது. ரத்து இல்லை, நிறுத்திவைப்பு. 'தக்க பயிற்சியால் ஊழியரின் திறன் மேம்பட்டதால்' என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். அண்ணி வாசித்துவிட்டு, "நான் எப்பய்யா பயிற்சி எடுத்தேன்?" என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைத் தட்டினார்.

ஆகவே முன்னேற்றத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒரே ஒரு சந்தேகம்தான், அதையும் அன்றிலிருந்து யாரிடமாவது கேட்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சின்ன புரோகிராமை ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு மாற்ற எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அதற்கு அந்த ஆபீஸில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆனால் ஒரு மனுஷியை, புருஷனையும் மூணாவது படிக்கும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓர் இரவு தூரத்துக்கு மாற்ற, அத்தனை பேரும் பேனாவை எடுத்தார்கள், ஒருவர்கூட 'ஏன்' என்று கேட்கவில்லை. அத்தனை பேரும் நல்லவர்கள், படித்தவர்கள், உங்களையும் என்னையும் போலத்தான். சரி, நீங்கள் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் எதை மாற்றச் சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், என்ன நினைக்கிறீர்கள்?